தகப்பனுக்கு என்னத்துக்கு லீவு?

ஒஸ்லோவில் வேலைநாட்களின் காலை பத்து மணிக்கு, எங்கள் குடியிருப்பின் பூங்காவில் அப்பாக்கள் மட்டும் நிற்பார்கள். ஒரு கையில் கோப்பி, மறுகையில் குழந்தை வண்டில். வந்த புதிதில் இவர்கள் எல்லோரும் வேலை இழந்தவர்கள் என்றே நினைத்தேன். இப்போது அவர்களுக்கு நடுவில் என் கணவரும் நிற்கிறார். முல்லைத்தீவுக் கரையில் வலை இழுத்த கைகளில் எங்கள் ஐந்து மாத மகள். நான் பராமரிப்பு உதவியாளர் படிப்பின் இறுதித் தேர்வுக்காக வகுப்புக்குப் போகிறேன்.

ஊரில், தர்மபுரத்தில் இருக்கும் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. தொலைபேசியில் கேட்டார்.

"மருமோனுக்கு வேலை போயிட்டுதோ பிள்ளை?"

"இல்லையம்மா. இஞ்ச தகப்பன்மாருக்கும் அரசாங்கம் லீவு குடுக்குது."

"தகப்பனுக்கு என்னத்துக்கு லீவு? அவரோ பெத்தவர்?" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை நடக்கிற மட்டும் படிப்பை நிப்பாட்டு. ஆம்பிளையைக் கொண்டு பீத்துணி தோய்ப்பிச்சா சனம் என்ன கதைக்கும்?"

மற்றவர்கள் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. களை பிடுங்கிவிட்டு வந்து, குசினியில் மிளகாய் அரைத்தபடி நான் உரத்துப் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பார். என்ன படிக்கிறேன் என்று புரியாது. சத்தம் நின்றால் மட்டும் தெரியும். உடனே அதட்டுவார். அதே அம்மா நிப்பாட்டு என்றதும் எனக்கு வலித்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

கணவருக்கு வேறு பயம். குழந்தையை நிறுக்கக் கொண்டுபோன இடத்தில் தாதி என்னை விட்டுவிட்டு அவரிடம், "பாப்பா, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். இந்த நாட்டில் அப்பாவைத்தான் பாப்பா என்பார்கள். "பிள்ளை சுகம்" என்றார் இவர். "பிள்ளையை அல்ல, உங்களைக் கேட்கிறேன்." வெளியே வந்ததும் இவர் முகம் கறுத்துவிட்டது. "என்னில ஏதோ பிழை கண்டிட்டா போல." இங்கே அப்பாவின் மனநிலையையும் விசாரிப்பார்கள் என்று விளங்கவைக்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. எங்கள் வீட்டு வழக்கப்படி அம்மா மருமகனோடு நேரே கதைப்பதில்லை. வீடியோவில் அவர் முகம் தெரிந்தாலும், "சாப்பிட்டாராமோ?" என்று என்னிடம்தான் கேட்பார். இவரும் என் பக்கத்தில் இருந்துகொண்டே, "சாப்பிட்டனான் எண்டு சொல்லும்" என்பார். நான் இல்லாத நேரத்தில் அம்மா அழைத்தால், குழந்தையைக் காட்டிவிட்டு இருவரும் ஊமைகளாக இருப்பார்களாம்.

தேர்வு நாள் வந்தது. இரண்டு பேர் மாறிமாறிக் கேட்டார்கள். அந்நிய மொழியில் தடுமாறாமல் பதில் சொன்னேன். அங்கேயே சித்தி, தேறிவிட்டாய் என்று சொல்லிக் கைகொடுத்தார்கள். பறந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் குழந்தையின் வீரிட்ட அழுகை. அதற்கு மேலே தொலைபேசியில் அம்மாவின் குரல்.

"தம்பி, கவிட்டுப் பிடியுங்கோ. முதுகைத் தடவுங்கோ. பயப்பிடாதேங்கோ, உடையாது."

"இப்பிடியோ மாமி?"

"ஓமோம். இன்னும் கொஞ்சம் மேல."

குழந்தை பெரிதாக ஏவறை விட்டது; வயிற்றுக் காற்றுப் போனதும் அழுகை நின்றது. இருவரும் சிரித்தார்கள். அங்கே யாரோ வந்து, "ஆரோட கதைக்கிறாய்?" என்று அம்மாவிடம் கேட்டது தெளிவாகக் கேட்டது.

"என்ர மருமோன். மோள் சோதினைக்குப் போயிட்டாள். அவர்தான் பிள்ளையைப் பாக்கிறார்," என்றார் அம்மா, ஊருக்கே கேட்கும்படி.

நான் நடைவழியிலேயே நின்றேன். சித்தி என்ற சொல் தொண்டைவரை வந்திருந்தது. தர்மபுரமும் ஒஸ்லோவும் நான் இல்லாமலே கதைத்துக்கொண்டிருந்தன. எந்தப் பக்கம் திரும்பி அதை முதலில் சொல்வது என்று தெரியாமல், தோளில் உருகும் பனியோடு, அவர்கள் கதை முடியட்டும் என்று காத்திருந்தேன்.