சினை இறால்

போன வாரம் பள்ளிவிட்டு வரும்போது மணிமுத்தாற்றுப் பாலத்தில் என் மகள் நின்றுவிட்டாள். "எவ்ளோ மீனு பாரும்மா! கரையோரமா வந்து வாயத் தொறக்குது. எறங்கிப் பாக்கலாமா?" நான் அவள் கையைப் பிடித்து இழுத்த வேகத்தில் வளையல் உடைந்துபோனது. ஏன் என்று கேட்டாள்.

அவள் வயதில் நானும் அங்கேதான் நின்றேன். மாசி மாதம். ஆறு சுருங்கி, பாலத்துக்குக் கீழே ஒரு மடுதான் மிச்சம். அரைநாள் துழாவினால்தான் ஒரு குழம்புக்கு இறால் தேறும். அன்று காலையில் அவை தாமாகவே கரையேறின. கோரையில், கல்லில், துவைத்து வைத்த துணியில், என் கணுக்காலில். தண்ணீர் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. ஒரு நெடியும் அடித்தது. யாரும் பொருட்படுத்தவில்லை. தெருவே குடத்தோடு இறங்கியிருந்தது.

"வலைய எதுக்குத் தூக்கியாந்தோம்? இன்னிக்கு எறாதான் நம்மளப் புடிக்க வருது" என்றார் சித்தப்பா. பீங்கான் கம்பெனியில் வேலை அவருக்கு. சூளையில் கோணிப்போன வெள்ளைக் கிண்ணம் ஒன்றை என்னிடம் கொடுத்திருந்தார்.

எங்கள் வீட்டில் சினை இறாலைத் தின்பதில்லை. வயிற்றில் முட்டை ஒட்டியிருந்தால் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். அது என் வேலை. வெள்ளைக் கிண்ணத்தில் போட்டால் முட்டை பளிச்சென்று தெரியும். பார்த்துப் பார்த்து விட்டேன். விட்டதெல்லாம் உடனே கரையேறியது.

"சித்தப்பா, இது போவமாட்டேங்குது."

"ஒங்கூட வூட்டுக்கு வரணுமாம். ஸ்கூல்ல சேத்துவுடலாமா?"

அம்மா சிரிக்கவில்லை. "புள்ளத்தாச்சி மாதிரிடி அது. நடுத்தண்ணியில கொண்டுபோயி வுடு."

இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துபோய் விட்டேன். ஒன்று மட்டும் என் விரலைக் கட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. காலைப் பிரித்தெடுத்து, தண்ணீருக்குள் அமுக்கிவிட்டு வந்தேன்.

மறுநாள் மடுவில் வெளுத்து மிதந்தவை பெரும்பாலும் முட்டையோடு இருந்தன. மற்றவற்றை நாங்கள் தின்றிருந்தோம். அதற்குப் பிறகு அங்கே நான் இறாலைப் பார்க்கவில்லை.

மேலே எங்கோ யாரோ கழிவைத் திறந்துவிட்டார்கள் என்பதும், மூச்சுமுட்டித்தான் அவை கரையேறின என்பதும் வளர்ந்த பிறகே தெரிந்தது.

மகள் இன்னும் விடவில்லை. "மீனெல்லாம் நம்மளப் பாக்கத்தானம்மா வந்துச்சு?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். விரலைக் கட்டிக்கொண்ட அந்த இறாலுக்கு என்னைப் பிடித்துப்போய்விட்டது என்று.