பங்காருபாளையத்துக்கு ஒரு அட்டை

திருப்பதியில் ஆஸ்பத்திரி ஆலோசகர் அம்மா என் ரத்தத்தில் சிபிலிஸ் இருக்கிறது என்றபோது நான் அதிகம் பயப்படவில்லை. லாரியோடு திரிகிற ஆளுக்கு வருவதுதான். இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டு கிளம்பினேன். அவர் விடவில்லை.

“கூட இருந்தவங்க யாரு?”

சொன்னேன். பொங்கலிலிருந்து மூன்று மாதம் சித்தூரில் ஒன்றாக இருந்தோம். சண்டை போட்டுக்கொண்டு போனவள் இப்போது பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் தரம் பிரிக்கிறாள். ஐந்து மாதக் கர்ப்பம். என் பிள்ளை.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “இப்பவே ஊசி போட்டா குழந்தையைக் காப்பாத்தலாம். தள்ளிப்போட்டா செத்துப் பிறக்கக்கூட வாய்ப்பிருக்கு. நம்பர் கொடுங்க, உங்க பேரைச் சொல்லாம நாங்களே கூப்பிடறோம்.”

அவளிடம் போன் கிடையாது. மேஸ்திரி போனில்தான் கூப்பிட வேண்டும். அந்த ஆள் எதையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான்.

“நானே போறேன்” என்றேன். ஓர் அட்டை கொடுத்தார். பெயர் இல்லை, நோயின் பெயரும் இல்லை. ஓர் எண், கூட இருந்தவரும் ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தெலுங்கில் நாலு வரி. சித்தூர் ஆஸ்பத்திரியிலும் செல்லுமாம். எனக்குத் தெலுங்கு படிக்க வராது. அவளுக்கு வரும்.

மண்டி வாசல் டீக்கடையில்தான் தெரிந்தது: அவள் கூட்டம் அன்று மதியமே கோலார் பக்கம் போகிறது, ஒரு மாதத்துக்கு. லாரி நின்றுகொண்டிருந்தது. ஓடினேன்.

“இன்னாய்யா, வழி தெரிஞ்சுதா?” என்றாள். பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். அட்டையை நீட்டினேன்.

“இன்னாமே, லவ் லெட்டரா?” என்றாள் ஒருத்தி.

“ரேஷன் கார்டு” என்று சொல்லிவிட்டு இரண்டு தரம் படித்தாள். எடை மிஷின் பின்னால் வந்து நின்றாள்.

“எவகிட்ட வாங்கினு வந்த?”

“சூளூர்பேட்டையில. உன்னைப் பாக்கறதுக்கு முன்னாடி. காலையிலதான் எனக்கே தெரிஞ்சுது.”

கையிலிருந்த பெங்களூரா மாங்காய் என் நெஞ்சில் வந்து விழுந்தது. வாங்கிக்கொண்டேன்.

“குழந்தைக்கு?”

“இன்னிக்கே ஊசி போட்டா தப்பிச்சுக்கும்னு சொல்றாங்க.”

லாரி ஹாரன் அடித்தது. அவள் மேஸ்திரியிடம் போனாள். “அண்ணா, ஆஸ்பத்திரி செக்கப்பு. நான் வர்ல.”

“லாரி நிக்காதும்மா.”

“போவட்டும்.”

ஒரு மாதக் கூலி போயிற்று. பஸ்ஸில் அவள் பெண்கள் சீட்டில், நான் கடைசியில். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிவிடுவாளோ என்று எழுந்து எழுந்து பார்த்தேன். சித்தூரில் அட்டையைப் பார்த்தார்கள், யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள். அவளுக்கும் இருந்தது. முதலில் கையில் சின்ன ஊசி குத்தி, ஒத்துக்கொள்கிறதா என்று அரைமணி பார்த்தார்கள். பிறகு பெரிய ஊசி. நொண்டிக்கொண்டு வெளியே வந்தாள். எனக்கு அந்த வராந்தாவிலேயே கைதட்டத் தோன்றியது.

“இன்னும் ரெண்டு ஊசி. வாரத்துக்கு ஒண்ணு. நீ எந்த ஊருக்குப் போய்க்கினு இருப்பியோ.”

“எனக்கும் ரெண்டு பாக்கி. இங்கயே இருக்கேன்.”

“இரு. வாசல்ல நில்லு. என்கிட்ட பேசாத.”

அடுத்த வாரம் எட்டு மணிக்கே போய் நின்றேன். ஒன்பதுக்கு வந்தாள். என்னைத் தாண்டி நாலு அடி நடந்தவள் திரும்பினாள்.

“காலையில உதைச்சுது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.