உதட்டோரம் ஒரு சிவப்பு நூல்

முத்துச்செல்வியைப் பெரிய ஆசிரியை என்று சொல்லிவிட முடியாது, கவனமானவள், அவ்வளவுதான். புதியம்புத்தூரில் ரெடிமேட் கம்பெனி ஒன்றில் பல வருடம் தைத்தவள், இப்போது இடைசெவலில் வீட்டிலிருந்தே தைக்கிறாள். விடுமுறை நாட்களில் தெருப் பிள்ளைகளுக்குப் பட்டன் வைக்கவும் சின்னப் பை தைக்கவும் சொல்லித் தருகிறாள். எழுந்திருக்கும் முன் ஊசியைப் பஞ்சு உருண்டையில் குத்திவிட வேண்டும் என்பது அவள் வைத்த விதி.

அன்று ஓர் ஊசியைக் காணவில்லை. பிள்ளைகள் பாயைத் தடவித் தேடினார்கள்.

"ஏட்டி வனிதா, ஒன் ஊசி எங்க?" என்றாள் முத்துச்செல்வி.

ஐந்து வயது வனிதா வாயே திறக்கவில்லை. அவள் உதட்டோரத்தில் சிவப்பு நூல் தொங்கியது. ஊசி வாய்க்குள் இருந்தது.

அதட்டினால் குழந்தை பயத்தில் விழுங்கிவிடும். நூலை இழுத்தால் ஊசி எங்காவது குத்தும். முத்துச்செல்வி மெல்ல எதிரே உட்கார்ந்து, தன் வாயை அகலத் திறந்து காட்டினாள்.

"அத்தை பல்லு டாக்டர் கணக்கா இருக்காவ," என்றாள் பிள்ளைகளில் ஒருத்தியான செண்பகவல்லி. வனிதாவின் கன்னம் சிரிப்பில் துடித்தது.

"ஏட்டி, சும்மா இரு," என்றாள் முத்துச்செல்வி, குரலை உயர்த்தாமல். "வனிதா, சிரிக்காம ஆ காட்டு தாயி."

வாய் திறந்தது. நாக்கின் மேல் கிடந்த ஊசியை இரண்டு விரலால் எடுத்தாள்.

"ஏன் தாயி வாயில வச்ச?"

"நீங்களும் அங்கனதான வைக்கீய."

பட்டனை எடுக்கும்போது ஊசியை உதட்டில் கவ்விக்கொள்வது கம்பெனியில் எல்லோருக்கும் இருந்த பழக்கம். தான் இன்னும் அப்படிச் செய்வதை அவள் அறிந்திருக்கவில்லை. அடுத்த பட்டனுக்குக் கை நீட்டியபோது, ஊசி தானாக உதட்டருகே போனது. பிள்ளைகள் எல்லோரும் அதையே பார்த்தார்கள். அவள் ஊசியைப் பஞ்சில் குத்தினாள்.