ஐந்தாவது நேர்காணல்

எங்கள் குடியிருப்பின் நான்காம் மாடியில் என் கதவும் ஸ்மராந்தாவின் கதவும் எதிரெதிரே. பத்தொன்பது ஆண்டுகள் இத்தாலியில் முதியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, கடைசியில் அவர்கள் கண்களையும் மூடிவிட்டு நான் சொந்த ஊரான க்ளூஜுக்குத் திரும்பியபோது, அவள் ஒரு ஜெர்மன் நிறுவனத்தில் மென்பொருள் குழு ஒன்றுக்குத் தலைவி. அவளுடைய அப்பா தோதெர் ஒரு வருடம் முழுக்கத் தொழிற்சாலையில் சம்பாதித்ததை அவள் ஒரே மாதத்தில் வாங்கினாள். ஆனாலும் அதே சாம்பல் நிறக் கோட்டுதான், அதே பஸ்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேறு நிறுவனங்களில் இருந்து ஆள் பிடிப்பவர்கள் வாரம் மூன்று பேராவது கூப்பிடுவார்கள். "இப்ப சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுவாள்.

தோதெருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. மகள் அவரைத் தன் வீட்டுக்கே கொண்டுவந்தாள். பக்கத்து அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்துக்கொண்டாள். உறவு ஒன்றும் இல்லாவிட்டாலும் அத்தை என்றுதான் கூப்பிடுவாள். ஆளைப் புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள். படுக்கைப்புண் ஒன்றுகூட வரவில்லை. அது லேசான விஷயம் இல்லை.

ஒரு வியாழக்கிழமை காலை அவள் வேலை போயிற்று. கணினித் திரையில் கால் மணி நேரக் கூட்டம். வேலை வேறு நாட்டுக்குப் போகிறது என்றார்கள். மத்தியானத்துக்குள் அவளுடைய கடவுச்சொல் எதையும் திறக்கவில்லை. அப்போது வயது நாற்பத்தாறு.

அவள் கவலைப்படவில்லை. ஒரு மாதத்தில் கிடைத்துவிடும் என்றாள். பதினான்கு மாதம் ஆயிற்று. முன்பு கெஞ்சிக் கூப்பிட்டவர்கள் இப்போது "வேலை இல்லை" என்று சொல்லக்கூடக் கூப்பிடவில்லை. அதை இயந்திரம் எழுதி அனுப்பியது. பெர்லினிலும் ஆம்ஸ்டர்டாமிலும் வேலை இருந்தது, அலுவலகத்துக்கு வந்தால். அவள் போனால் தோதெர் முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டும். இருவரும் போய் ஒரு இல்லத்தைப் பார்த்தோம். வாசலிலேயே மூத்திர வாடை. வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்று கிடைத்தாக வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு இடத்தில் ஏறக்குறையக் கிடைத்தது. இரண்டு மணி நேரத் தேர்வு. திரையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. நான் அன்று பல் மருத்துவரிடம் போயிருந்தேன். தோதெர் கூப்பிட்டார், மூத்திரப் பாத்திரம் வேண்டும் என்று. அவள் எழுந்து போனாள். தேர்வு அத்தோடு முடிந்தது.

அதன் பிறகுதான் மியூனிக் நிறுவனம். சம்பளம் பழையதில் பாதியைவிடக் கொஞ்சம் கூட. வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் ஐந்து நேர்காணல்.

"அஞ்சு தடவையா பொண்ணு பாக்குறான்?" என்றார் தோதெர், குழறிக் குழறி. "என்னைத் தொழிற்சாலைல சேத்தப்போ ஃபோர்மேன் என் கையைத்தான் பாத்தான். நாளைக்கு வாடான்னான்."

"உன் கையில எண்ணெய் இருந்துச்சுப்பா. என் கையில ஒண்ணும் தெரியலையே, அதான் கேள்வியா கேக்குறான்."

"இந்தத் தடவை நான் வாயே தொறக்க மாட்டேன். பாத்திரமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"நனைச்சா நான்தான துவைக்கணும்?" என்றேன். சிரித்தார்.

நான்கு முடிந்தன. ஐந்தாவது, அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமையே தோதெருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். மருத்துவமனைக்கு வர மாட்டேன் என்றுவிட்டார். ஒரு வாரம் தாங்குவார் என்று டாக்டர் சொன்னார். தேதியை மாற்ற முடியுமா என்று ஸ்மராந்தா கேட்டுப் பார்த்தாள். இன்னொருவரும் வரிசையில் இருப்பதாகப் பதில் வந்தது.

"போய் உக்காரும்மா," என்றார் தோதெர். அவள் நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

பதினொன்றேகாலுக்கு அவருடைய மூச்சு மாறியது. நிற்கும், திரும்ப வரும். நான் எண்ணினேன்: பதினைந்து வினாடி, பிறகு இருபது. போர்வையை விலக்கிப் பார்த்தேன், முழங்காலில் திட்டுத் திட்டாக நீலம். அந்த நிலையில் ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது.

"கூப்பிடட்டுமா?" என்று கேட்டேன். அவர் அவள் அறைக் கதவைப் பார்த்தார்.

எங்கள் வழக்கத்தில் சாகிறவர் கையில் மெழுகுவத்தி எரிய வேண்டும். இருட்டில் போகக் கூடாது. அந்தக் கையோடு சேர்த்து அதைப் பிடிக்க வேண்டியது பிள்ளை. அவருக்கு இருந்தது ஒரே மகள்.

எழுந்து போய் அவள் அறைக் கதவின் கைப்பிடியில் கை வைத்தேன். உள்ளே ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் அவள் குரல் பழையபடி இருந்தது, வேலை இருந்த காலத்துக் குரல். யாரோ எதையோ சொல்ல, அவள் சிரித்தாள். பதினான்கு மாதத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. இப்போது தட்டினால் எழுந்து வந்துவிடுவாள். வேலை போகும், கிழவரும் இன்றைக்குப் போகத்தான் போகிறார். இரண்டையும் ஏன் இழக்க வேண்டும்? கையை எடுத்துவிட்டேன்.

மெழுகுவத்தியை ஏற்றி அவர் வலது கையில் வைத்தேன். விரல்கள் பிடிக்கவில்லை. என் கையால் மூடிப் பிடித்துக்கொண்டேன். பதினொன்று நாற்பதுக்கு மூச்சு நின்றது, திரும்ப வரவில்லை. உயிர் வெளியே போக வேண்டும் என்று சன்னலைத் திறந்தேன்.

பன்னிரண்டு ஐந்துக்கு அவள் வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அத்தை, கிடைச்சிரும்னு நினைக்கிறேன். அப்பா தூங்குறாரா?"

"இல்லம்மா. போயிட்டாரு."

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். இத்தாலியில் எத்தனையோ பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். இவளிடம் வரவில்லை.

"எப்போ?"

"பதினொண்ணு நாப்பதுக்கு."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"பதினொண்ணேகாலுக்கு."

"மெழுகுவத்தி?"

"நான் பிடிச்சேன்."

"என்னைக் கேட்டாரா?"

"கதவைப் பாத்தாரு."

நாற்காலியில் உட்கார்ந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"இந்த வேலை யாருக்காகன்னு நினைச்சீங்க, அத்தை?"

நான் எல்லாவற்றையும் யோசித்திருந்தேன், இதைத் தவிர. அவளுக்கு வீட்டோடு ஒரு வேலை வேண்டியிருந்ததே அவரை விட்டுப் போகாமல் இருக்கத்தான். தண்ணீர் சுட வைக்கப் போனேன். உடம்பைக் கழுவ என்னை விடவில்லை. தனியாகவே புரட்டி, தனியாகவே துடைத்து, சட்டை மாட்டினாள்.

ஒன்பதாம் நாள் மியூனிக்கிலிருந்து கடிதம் வந்தது: வேலை அவளுக்குத்தான், வீட்டிலிருந்தே செய்யலாம். அவள் ஒரு வாரம் பதில் எழுதவில்லை. பிறகு, அங்கேயே வந்து வேலை செய்யலாமா என்று கேட்டாள். தாராளமாக என்றார்கள்.

நாற்பதாம் நாள் படையலை முடித்துவிட்டு வீட்டை வாடகைக்கு விட்டாள். கிளம்புகிற அன்று என் கதவைத் தட்டினாள்.

"சம்பளம் அக்டோபர் மாசம் முழுசுக்கும் போட்டிருக்கேன்."

"பாதி மாசம்தானே பாத்தேன்."

"இருக்கட்டும்." சாவியைப் பையில் போட்டாள். "அந்த மாதிரி இன்னொரு நாள் வந்தா, கதவைத் தட்டுவீங்களா?"

"தட்டுவேன்."

"சரி," என்றாள்.

அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. இரண்டு பெரிய பெட்டிகள். ஒன்றை நான் பிடிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லி, ஒரு பெட்டியைக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு, நான்கு மாடியும் திரும்ப ஏறி வந்து மற்றதை எடுத்துக்கொண்டு போனாள்.