பத்துக் கல் எடுக்கிற நேரம்

நேற்று மதியம் இரண்டாவது வாய் ரசஞ்சோற்றில் நறுக்கென்று ஒரு கல் கடிபட்டது. ஏற்கெனவே ஆட்டம் கண்டிருக்கிற கடைவாய்ப்பல். வலி உச்சந்தலைக்கு ஏறியது. "என்னாச்சு அத்தே?" என்று மருமகள் தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்தாள். நானோ கல்லைத் துப்பி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். கிழவிக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும், எனக்கென்ன.

கடை அரிசியில் இப்போது கல் ஏது? பையைக் கிழித்து, இரண்டு தண்ணீர் அலசி, குக்கரில் போட்டால் தீர்ந்தது. இது உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து தெரிந்தவர் ஒருவர் சொந்த நெல்லை அரைத்துக் கொடுத்துவிட்டுப் போன மூட்டை. அதனால்தான் இந்தப் பாக்கியம். கல்லைப் பார்த்ததும் கன்னியம்மா ஞாபகத்துக்கு வந்துவிட்டாள். வந்தவள் தனியாகவா வருவாள்? இடுப்பில் முறமும், முந்தானையைப் பிடித்தபடி பின்னால் அஞ்சலையுமாகத்தான் வந்தாள்.

சத்துணவு வந்த புதுசு அது. வாலாஜாபாத்திலிருந்து பஸ் பிடித்து உத்திரமேரூரில் இறங்கி, ஏரிக்கரை மேலேயே மூன்று மைல் நடந்தால் என் பள்ளிக்கூடம். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள், பெரிய வாத்தியாரும் நானும். முதல் மூன்று வகுப்பும் ஒரே அறையில் என்னிடம். மழைக்காலத்தில் கரை முழுக்கச் சேறு. என் முதல் சம்பளத்தில் வாங்கிய செருப்பில் இடதுகால் இன்னும் அந்த ஏரிக்கரைக்குள்தான் இருக்கிறது. ஆனால் நடை மட்டும் ராணி மாதிரி. பயிற்சிப் பள்ளியில் குழந்தை உளவியலில் முதல் மதிப்பெண் வாங்கியவள் அல்லவா! அந்தத் திமிரைக் கன்னியம்மா எப்படி இறக்கினாள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அரசாங்கக் காகிதத்தில் அவள் சத்துணவுக்கூடத்துச் சமையல் உதவியாளர். ஊருக்கு வெளியே ஏரிக்கரையோரக் குடிசைகளிலிருந்து வந்தவள், புருஷன் இல்லாதவள். அவள் கைபட்ட சோறு என்று முதல் மூன்று மாதம் ஊரார் பிள்ளைகளை மதியம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். சாம்பார் வாசனைக்கு முன்னால் அந்த வைராக்கியம் எத்தனை நாள் நிற்கும்? பிள்ளைகள் வீட்டில் ஒரு தரம் தின்றுவிட்டு இங்கே வந்தும் தட்டை நீட்டின. ஒரு பொடியன் அவளை "ஆயா" என்று கூப்பிட்டுவிட்டான். முறத்தைத் தூக்கிக்கொண்டு துரத்தினாள். "எனுக்கு இன்னா அவ்ளோ வயசாயிட்ச்சா? அக்கான்னு கூப்புடு!" உண்மையில் முப்பத்தைந்துகூட இருக்காது அவளுக்கு.

அந்தக் கன்னியம்மா ஒருநாள் காலையில் எட்டு வயதுப் பெண் ஒன்றைக் கூட்டி வந்து என் வகுப்பு வாசலில் நிறுத்தினாள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாயோரம் எச்சில். கணுக்காலைச் சுற்றி வளையம் போட்டது போலக் கறுத்த தழும்பு.

"இன்னா டீச்சர் அப்டி பாக்கறீங்க? கவுறு கட்ன தயும்பு. இவுங்கம்மா நடவுக்குப் போவசொல்ல மாட்டுக் கொட்டாயில கட்டிட்டுப் போறா. பேரு அஞ்சல. எயுதிக்கோங்க."

பெற்றவளைத் திட்ட வேண்டாம். அஞ்சலை இரண்டு தரம் நிறைந்த ஏரிக்குள் நடந்து இறங்கிவிட்டவள். இருந்த கொஞ்ச நிலத்தில் கூலியாட்களோடு தானும் குனிந்து நட்டால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும். அவள்தான் என்ன செய்வாள், பாவம். ஒன்றாம் வகுப்பில் பெயரை எழுதிக்கொண்டேன். "இது பள்ளிக்கூடமா, சத்திரமாம்மா?" என்றார் பெரிய வாத்தியார்.

தினமும் காலையில் கன்னியம்மா அரிசி முறத்தோடு என் வகுப்பு வாசலில் உட்கார்ந்துவிடுவாள். அன்றைய அரிசியில் பாதி கல் என்று சொன்னால் அது பொய்தான், ஆனால் பெரிய பொய் இல்லை. பக்கத்தில் அஞ்சலை, அவள் முந்தானை நுனியைச் சுருட்டிப் பிடித்தபடி. எழுந்து ஓடிவிட மாட்டாளா, புடவையோடு சேர்த்து முடிச்சுப் போட்டு வையேன் என்று நான் கேட்டேன். எப்பேர்ப்பட்ட யோசனை பாருங்கள், முதல் மதிப்பெண்காரியின் யோசனை! கன்னியம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நான் அவள புடிக்கல டீச்சர். அவதான் என்ன புடிச்சிக்கினு கீறா."

வருகைப்பதிவு எடுக்கும்போது அஞ்சலையின் பெயரைக் கூப்பிடுவேன். பதில் வராது. அடுத்த பெயருக்குப் போய்விடுவேன். மூன்றாம் நாள் வாசலிலிருந்து குரல் வந்தது. "இன்னா அவ்சரம் டீச்சர்? பஸ்ஸு போயிடுமா? அவ சொல்லுவா. நான் பத்து கல்லு எடுக்கற நேரம் சும்மா இருங்க."

சரி, இவள் மூக்கை உடைக்கலாம் என்றுதான் சும்மா இருந்தேன். அவள் ஒவ்வொரு கல்லாக எடுத்து மண்ணில் எறிந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பிள்ளைகள் எண்ண ஆரம்பித்தார்கள். எட்டாவது கல்லில் அஞ்சலையின் உதடு அசைந்தது. பத்தாவதில், கிணற்றின் அடியிலிருந்து இழுத்து வருகிற மாதிரி, "உள்... ளேன்."

வகுப்பு கூரை பிய்ந்து போகிற மாதிரி கத்தியது. நான் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ரிஜிஸ்டருக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. நாற்பது வானரங்கள் தினமும் பத்துக் கல் நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தன என்றால் நம்புவீர்களா? அந்த மௌனத்தை வேறு எந்தப் பாடத்துக்கும் என்னால் வாங்க முடிந்ததில்லை, பிரம்பைக் காட்டியும்கூட. பாவாடை நனைந்தால் மாற்ற ஒரு பழைய பாவாடையைக் கன்னியம்மா சமையலறைப் பரணில் வைத்திருந்தாள். எச்சிலைத் துடைப்பாள், சோறு பிசைந்து ஊட்டுவாள், கேலி செய்கிற பையனின் காதைத் திருகுவாள். இதெல்லாம் யார் சொல்லிச் செய்தாள்? யாரும் சொல்லவில்லை. மூன்று வருஷத்தில் அஞ்சலை கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: பெயரைக் கூப்பிட்டால் பதில், சிலேட்டில் வட்டம், வெளிக்குப் போக வேண்டுமென்றால் முந்தானையை இரண்டு தரம் இழுப்பது. சிரிக்காதீர்கள். இத்தனை படித்த நான் எனக்கு வேண்டியதை அத்தனை தெளிவாக யாரிடமும் கேட்டதில்லை.

இப்போது என் பாவத்துக்கு வருகிறேன். இன்ஸ்பெக்‌ஷன் நாளில் மக்குப் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திவிடுவது அந்தக் காலத்துப் பள்ளிக்கூடங்களில் எழுதாத சட்டம். இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்டுப் பிள்ளை விழித்தால் ஆசிரியருக்குத்தான் அவமானம். அதனால் முதல் நாள் மாலையே ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவோம். அஞ்சலை வீட்டுக்கு நானே போனேன்.

"நாளைக்கு ஒருநாள் அனுப்பாதீங்கம்மா."

"நாளைக்கி நடவு கீதே டீச்சர்..." என்று இழுத்த அவள் அம்மா, மாட்டுக் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். அங்கே கம்பத்தில் கயிறு தொங்கியது. "சரிங்க, பாத்துக்கறேன்." நானும் அந்தக் கயிற்றைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நடந்துவிட்டேன்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தபோது வாசல் இருண்டது. கன்னியம்மா நின்றாள். பக்கத்தில் அஞ்சலை, தலையெல்லாம் வைக்கோல். "தோ, ஒரு புள்ள விட்டுப்பூட்ச்சி," என்றாள், என்னைப் பார்த்தபடியே. கொட்டகைக்குப் போய் அவிழ்த்துக் கூட்டி வந்திருக்கிறாள். பெரிய வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை.

"உன் பேர் என்னம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர். இரண்டு கல் நேரம் காத்திருந்திருப்பார். பிறகு என்னிடம், "எத்தனை வருஷமா ஒண்ணாங் கிளாஸ்?"

"மூணு சார்."

"கொஞ்சம் இரு சாமி, சொல்லுவா," என்றாள் கன்னியம்மா. அவர் குறிப்பேட்டைத் திறந்து எழுத ஆரம்பித்துவிட்டார். அவர் எழுதி முடிக்கும்போது அஞ்சலை சொன்னாள், "உள்ளேன்." அவர் நிமிர்ந்து பார்த்தார். கொடுமைக்காரர் இல்லை, குரலில் இரக்கம்கூட இருந்தது. "இது பள்ளிக்கூடத்தில் வைக்கிற குழந்தை இல்லைம்மா. பேரை எடுத்துடுங்க."

அடுத்த நாள் பெரிய வாத்தியார் சிவப்பு மையை என் மேஜையில் வைத்தார். கோடு போட்டது நான். அடிக்கோல் வைத்து, நேராக, அழகாகப் போட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பெயர் போனால் என்ன ஆகும் என்று பெரிய வாத்தியாருக்கும் எனக்கும் கன்னியம்மாவுக்கும் தெரியும். மறுபடி கொட்டகை, மறுபடி கயிறு. நான் மற்ற பெயர்களைப் படித்து முடித்து ரிஜிஸ்டரை மூடினேன். அப்போது வாசலிலிருந்து, கணீரென்று, "அஞ்சல!"

வகுப்பு அப்படியே அடங்கியது. மண்ணில் கல் விழும் சத்தம். ஒன்று, இரண்டு... "உள்ளேன்."

இப்படியே தினமும். நான் மூடுவேன், அவள் கூப்பிடுவாள். பெரிய வாத்தியார் கொதித்துப் போய் வந்தார். "இன்னாமே, பேரே இல்லாத பொண்ண தெனம் கூப்டுக்கினு? வேல பூடும், தெரிஞ்சிக்கோ."

"ரிஜிஸ்டர்லதான் பேரு இல்ல. பொண்ணு இங்கதான் கீறா," என்றாள் கன்னியம்மா. "வேல உன்து, எட்த்துக்கோ. முறம் என்து."

அவர் அஞ்சலையின் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார். அவளும் மகளை அழைத்துப்போக வந்து ஜன்னலோரம் நின்றாள். கன்னியம்மா கூப்பிட்டாள், கல் விழுந்தது, பதில் வந்தது. தன் பெண் ஒரு கூப்பிடுதலுக்குப் பதில் சொல்லி அந்த அம்மா கேட்டதே இல்லையாம். மூக்கைச் சிந்திக்கொண்டு தனியாகவே திரும்பிப் போனாள்.

பெரிய வாத்தியார் விடுவாரா? ஒருநாள் சரியாக வருகைப்பதிவு நேரத்தில் கன்னியம்மாவைத் தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்கு அனுப்பிவிட்டார். வாசலில் முறம் மட்டும் இருந்தது. நான் கடைசிப் பெயரைப் படித்தேன். கூப்பிட ஆளில்லை. அஞ்சலையின் கையில் முந்தானையும் இல்லை. வெறும் கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். உதடு அசைந்தது. எத்தனை கல் நேரம் என்று தெரியாது, நான் எண்ணவில்லை.

"உள்ளேன்."

யாரும் கூப்பிடவில்லை. அவளே சொன்னாள்.

நான் நீலப் பேனாவை எடுத்து, பட்டியலின் கடைசியில், சிவப்புக் கோடு போட்ட அதே பெயரை மறுபடி எழுதினேன். எழுத்து கோழி கிறுக்கியது போல வந்தது. வரட்டும். மதியம் பெரிய வாத்தியார் பார்த்துவிட்டு, "என்னம்மா இது?" என்று குதித்தார்.

"உள்ளேன்னு சொல்ற பிள்ளைக்கு ஆப்சென்ட் போட எனக்கு யாரும் சொல்லித் தரல சார்."

மெமோ வந்தது. விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். மறுபடி கேட்டார்கள், அதையே மறுபடி எழுதிக் கொடுத்தேன். கடைசியில் மதுராந்தகம் தாண்டி ஒரு ஊருக்குத் தூக்கி அடித்தார்கள். ஆனால் பெயரை எடுக்க அடுத்து வந்த டீச்சருக்கும் கை வரவில்லையாம். வாசலில் கன்னியம்மா உட்கார்ந்திருக்கும்போது யாருக்கு வரும்? எனக்கு நல்லாசிரியர் விருதெல்லாம் கிடைக்கவில்லை. அந்த மெமோவைத்தான் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

போன வருஷம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவள் பள்ளிக்கூடத்தையும் எட்டிப் பார்த்தேன். சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் சிறப்பு ஆசிரியை வருகிறாளாம். நல்ல பெண், தரையில் உட்கார்ந்து பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தாள். வயிறு குளிர்ந்தது. அந்தக் காலம்தான் பொற்காலம் என்று என் வாயிலிருந்து வராது. வந்தால் கன்னியம்மா முறத்தாலேயே சாத்துவாள். ஆனால் வருகைப்பதிவுக்கு டீச்சர் யாரையும் கூப்பிடவில்லை. வகுப்பை ஒரு பார்வை பார்த்து, செல்போனில் விரலால் தட்டினாள், முடிந்தது.

விசாரித்தேன். கன்னியம்மா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அஞ்சலை அவளோடே சத்துணவுக்கூடத்தில் தட்டு கழுவிக்கொண்டு, இருபத்தெட்டு வயதில் ஒரு காய்ச்சலில் போனாளாம். அந்தக் கயிறு அதற்கப்புறம் அவள் காலில் ஏறவே இல்லை என்று பள்ளிக்கூட வாசலில் என்னை அடையாளம் கண்டு வந்த ஒரு பழைய மாணவி சொன்னாள். பழைய ரிஜிஸ்டர்களைக் கேட்டேன். இடம் அடைக்கிறது என்று எடைக்குப் போட்டுவிட்டார்களாம். என் சிவப்புக் கோடு தொலைந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதற்குக் கீழே எழுதிய பெயரும் அல்லவா சேர்ந்து போய்விட்டது! கன்னியம்மா செய்த வேலைக்கோ, முதலிலிருந்தே எந்தக் காகிதத்திலும் பெயர் இல்லை.

போகட்டும், ரிஜிஸ்டர் போனால் எனக்கு வாயில்லையா? நேற்றுக் கடித்த கல் இதோ மேஜை மேல் இருக்கிறது. மருமகள் தூக்கிப் போடப் பார்த்தாள், விடவில்லை. நான் ஒரு தரம் கூப்பிடப் போகிறேன். நீங்களும் தயவுசெய்து அவசரப்பட்டு எழுந்து போகாமல் பத்துக் கல் எடுக்கிற நேரம் சும்மா இருங்கள்.

அஞ்சலை.