கிளி அணியின் முத்தம்

மீன்காரி ஜுரெமா சந்தையில் நின்று "மத்தி, மத்தி!" என்று கூவினால் மதுரேய்ரா நிலையத்தில் ரயில் தானாக நின்றுவிடும். இல்லையென்று ஓட்டுநரே சத்தியம் செய்தாலும் நான் நம்பமாட்டேன். அந்தத் தொண்டைக்காகத்தான் எங்கள் சம்பா பள்ளி, கார்னிவல் ஊர்வலத்தில் ஓர் அணியை ஒழுங்காக நடத்திச் செல்லும் பொறுப்பை அவளிடம் கொடுத்தது. பள்ளி என்றால் பாடம் கிடையாது. பாட்டு, ஆட்டம், தையல், சண்டை, அவ்வளவுதான்.

அந்த ஆண்டு நடுவர்கள் கொஞ்சம் முகம் சுளித்தாலும் நாங்கள் முதல் பிரிவிலிருந்து கீழே விழுந்துவிடுவோம். அப்படிப்பட்ட நேரம் பார்த்து, வெளிநாட்டுப் பயணிகள் உடை வாங்கி மாட்டிக்கொண்டு ஆடும் கிளி அணியை ஜுரெமா தலையில் கட்டினார்கள்.

அதில் ஹால்வர் என்றொரு நார்வேக்காரர். தென்னை மர உயரம். தாளம் அவர் காலுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாட்டே முடிந்துவிடும். ஆனால் சொன்ன சொல்லைத் தட்டாதவர். ஒத்திகைக் கூடத்தில் ஜுரெமா அவருக்குப் பள்ளிக் கொடியைக் காட்டினாள்.

"கொடி முன்னாடி வந்தா குனிஞ்சு ஒரு முத்தம் குடுக்கணும் மவனே. அதுதான் நமக்கு அம்மா."

"எப்பவுமா, ஜுரெமாக்கா?"

"அம்மாவுக்கு முத்தம் குடுக்க நேரங்காலம் பாப்பியா?"

வினை அங்கேதான் முளைத்தது. ஊர்வலத்தன்று ஆடும் கொடியை, கொடிப்பெண்ணின் துணைவன் தானாக நீட்டினாலொழிய, யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் ஊர்க் கைக்குழந்தைக்கும் தெரியும். தெரிந்ததை யார் சொல்லிக்கொடுப்பார்கள்?

விடியும் வேளையில் எங்கள் முறை வந்தது. நடுவர் மாடத்துக்கு எதிரே பள்ளிக் கொடியை ஏந்திக் கொடிப்பெண் சுழல, அவள் துணைவன் அவளைச் சுற்றி ஆடினான். கிளி அணி பின்னால் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. திடீரென்று உயரமான கிளி ஒன்று வரிசையை விட்டு, உதட்டைக் குவித்தபடி, கொடியை நோக்கி நடந்தது.

"அக்கா, உங்க கிளி பறந்துடுச்சு!" என்று பின்னால் நின்ற அடுத்த அணிக்காரன் அலறினான்.

ஓடிப்போய் இழுத்தால் நடுவர் கண்ணில் படும். இழுத்ததில் உடையின் வால் கிழிந்தால் அதற்கும் மதிப்பெண் போகும். ஜுரெமா நின்ற இடத்திலிருந்தே மத்தித் தொண்டையைத் திறந்தாள்.

"கிளிங்களா! எல்லாரும் முட்டி போடுங்க!"

முரசுகளே ஒரு கணம் வெட்கப்பட்டன. அணி மொத்தமும் மண்டியிட்டது. ஹால்வரும் பாதி வழியில் மண்டியிட்டார். பார்வையாளர் மேடையில் பீர் விற்றவனும் மண்டியிட்டான், என் கண்ணால் பார்த்தேன். துணைவன் மட்டும் சளைத்தவனா? கொடிப்பெண்ணோடு ஆடியபடியே ஹால்வரிடம் வந்து, கொடி நுனியைப் பற்றி, முன்பே பேசி வைத்ததுபோல் அவர் உதட்டருகே நீட்டினான். ஹால்வர் முத்தமிட்டு அழுதார். கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

கார்னிவல் முடிந்த சாம்பல் புதனன்று மதிப்பெண் வாசித்தார்கள். கொடி ஆட்டத்துக்கு எந்த நடுவரும் முழுப் பத்துக்குக் குறைத்துப் போடவில்லை. தப்பித்தோம்! பள்ளித் தலைவர் ஜுரெமாவைக் கட்டிக்கொண்டார்.

"முட்டி போடுறது யாரோட யோசனை?"

"நம்ம ஹால்வரோடது," என்றாள், கொஞ்சமும் கூசாமல்.

கூடமே அவரைத் தோளில் தூக்கியது. கால் மட்டும் தரையில் இழுபட்டது. ஜுரெமா நெருங்கி அவர் காதைப் பிடித்துத் தாழ்த்தினாள்.

"அடுத்த வருஷமும் வந்துரு மவனே. ஆனா ஒதட்ட பாடுறதுக்கு மட்டும் தொற."