பச்சைப் பாசிக்குக் கீழே

2006-ஆம் ஆண்டு, அக்டோபர் மாதக் கடைசி. கார்ல்ஸ்ரூஹே நகரில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த நான், தாவரக் கணக்கெடுப்புக்காக ஜெர்மனியின் வடகிழக்கு மூலையில் உள்ள ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போயிருந்தேன். பள்ளத்தாக்கு என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு மலைதான் நினைவுக்கு வரும். அங்கே மலையே கிடையாது. பால்டிக் கடலை நோக்கிப் போகும் அந்த ஆறு ஓடுகிறதா, நிற்கிறதா என்றே தெரியாது. கடலிலிருந்து காற்று பலமாக அடித்தால் தண்ணீர் பின்னோக்கி ஏறும். இரு கரையிலும் கண்ணுக்கெட்டியவரை நாணல், கோரை, ஈரத்திலேயே வளரும் ஆல்டர் மரங்கள். நாம் தரை என்று நினைத்து மிதிப்பது, காலங்காலமாக மக்காமல் படிந்த செடிகளால் ஆன ஈர மெத்தை. நாம் நடந்தால் பத்தடி தள்ளி நிற்கும் புதர் ஆடும்.

எனக்கு வண்டி ஓட்டவும் களத்தில் உதவவும் ஓர் அக்காவை அமர்த்தியிருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். பக்கத்துச் சிற்றூரில் கணவரோடு இருந்தார். அந்த வனாந்தரத்தில் தமிழ் பேச ஒருவர் கிடைத்ததில் எனக்கு அத்தனை சந்தோஷம். நான் செடிகளின் பெயரைச் சொல்லச் சொல்ல, அவர் தாளில் குறித்துக்கொள்வார்.

அன்று கடைசி நாள். ஓரிடம் மட்டும் பாக்கி. காலையிலிருந்தே வடகிழக்குக் காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. நாணலைத் தாண்டியதும் பளீரென்று பச்சையாக ஒரு திறந்தவெளி. குறுக்கே போனால் ஐந்து நிமிடம், சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம்.

அக்கா நின்றுவிட்டார். "தங்கச்சி, இதிலை ஒரு கோரைகூட இல்லை. எனக்கெண்டா ஒரு மாதிரிக் கிடக்கு. சுத்திப் போவமே?"

எனக்கு எரிச்சல். இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும். "வெறும் பாசிதான்க்கா. மேப்ல பார்த்துட்டேன், ஒண்ணும் ஆகாது. நீங்க முன்னாடி போங்க, நான் பேக் எடுத்துட்டு வரேன்."

போனார். நாலாவது அடியில் சத்தமே இல்லாமல் இடுப்புக்கு மேல் உள்ளே போய்விட்டார்.

செடிகள் படிந்து உண்டான அந்தக் கறுப்பு மண் காய்ந்தால் விறகுபோல எரியும்; முன்காலத்தில் அடுப்பெரிக்க அதை வெட்டியெடுத்த குழி அது. தண்ணீரும் சேறும் நிரம்பி, மேலே பாசி மூடியிருந்தது. அதன் ஓரங்கள் அளவெடுத்ததுபோல நேராக இருந்தன. இயற்கையில் அப்படி இருக்காது. அதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

"கால் எட்டேல்லை தங்கச்சி! அடியிலை ஒண்டுமில்லை!" இரண்டு கைகளையும் பாசிமேல் விரித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

கைபேசியில் சிக்னல் இல்லை. நான் நின்ற இடமும் ஆடியது. "ஆள் கூட்டிட்டு வரேன்க்கா" என்றேன். உண்மையைச் சொல்கிறேன், உதவி தேடும் எண்ணம் அதில் பாதிதான். அந்த ஆடும் தரையை விட்டு ஓடிவிட வேண்டும் என்பதுதான் மீதி. அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"போகாதேங்கோ. நீங்கள் போனா நான் பயத்திலேயே செத்துப்போவன்."

குழியோரக் கோரையின் அடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. காற்று ஆற்றைத் திருப்பிவிட்டிருந்தது.

குப்புறப் படுத்தேன். செடிகளை எண்ணுவதற்காகத் தரையில் வைக்கும் மரச்சட்டத்தைப் பாசிமேல் தள்ளி, நாணலை முறித்து முறித்து அதன்மேல் பரப்பினேன். உள்ளங்கை கிழிந்தது. சட்டத்தில் நெஞ்சை வைத்து ஊர்ந்து, அவருடைய முதுகுப்பையின் வாரைப் பிடித்தேன். இழுத்ததும் நானும் சரிந்தேன். சேறு காலை விடவில்லை.

"ஒரு காலை மட்டும் ஆட்டுங்கக்கா, மெதுவா."

அவருடைய உதடு நீலம் பாரித்து, பேச்சு குழறத் தொடங்கியது. தூங்கவிடக் கூடாது என்று, "இன்னிக்கு வீட்ல என்ன சமைப்பீங்க?" என்றேன்.

"புட்டு..."

"எப்படின்னு சொல்லுங்க."

"மாவுக்கு... சுடுதண்ணி விட்டு... குழைச்சு... கொத்தி..."

அப்புறம் பதில் இல்லை. அந்தச் சில நொடிகளில் என்னைப் பிடித்த பயத்தை எழுத எனக்கு வார்த்தை கிடையாது. "அக்கா! கொத்தி அப்புறம்?" என்று கத்தினேன். கண்ணைத் திறக்காமலே, "தேங்காய்ப்பூ" என்றார்.

எவ்வளவு நேரம் ஆனதோ, ஒரு கட்டத்தில் பூட்ஸ் கழன்று உள்ளேயே தங்கிவிட, ஒரு கால் வந்தது. பிறகு மற்றது. பரப்பிய நாணல்மேல் அவரை இழுத்துக் கரையேற்றினேன். என் ஸ்வெட்டரையும் காலுறைகளையும் அவருக்கு மாட்டிவிட்டு, தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு வந்தேன். வண்டியருகே சிக்னல் கிடைத்தது. ஆம்புலன்ஸ் வந்தது.

மாலையில், கணக்கெடுப்பை நடத்துவதற்காக அங்கே தங்கியிருந்த என் பேராசிரியர் மருத்துவமனைக்கு வந்தார். தானே கவனிக்காமல் கால் வைத்துவிட்டதாக அக்கா அவரிடம் ஜெர்மனில் சொன்னார். பக்கத்தில் நின்ற நான் வாயே திறக்கவில்லை.

இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் பேராசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தவில்லை, என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பிறகு மருத்துவமனையில் அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். சமாதானம் சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"ஓம், நீங்கள்தான் போகச் சொன்னனீங்கள். அது எனக்கு மறக்காது" என்றார். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "ஆனா நீங்கள் என்னை விட்டிட்டுப் போகேல்லை. அதுவும் மறக்காது" என்றார்.

இன்று நானே மாணவர்களைக் களத்துக்கு அழைத்துப் போகிறேன். யாராவது தயங்கி நின்றால், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், நானும் நின்றுவிடுகிறேன். அந்த அக்கா என்னை மன்னித்திருக்கலாம். ஆனால் அவருடைய தயக்கத்தைவிட என் படிப்பை நம்பி அவரை முன்னே அனுப்பியதற்காக, நான் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.